மங்கலத்தில் பார்த்த அமைதியான வீடு

எங்களுக்கு வீடு காட்டிய தரகர் ஒரு புளுகர். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

என் கணவருக்கு பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்குவார். அதனால் சத்தமில்லாத வீடு வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். தரகர் ஞாயிறுதோறும் எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டே சமையலறையைப் பார்த்தேன். அவிநாசி பக்கம் வீடு அழகுதான், ஆனால் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியவில்லை. கடைசியில் மங்கலம்.

"கேளுங்கக்கா, ஒரு சத்தம் இருக்குதுங்களா? இங்க படுத்தா அண்ணன் எந்திரிக்கவே மாட்டாருங்க."

"எந்திரிக்காம போறதுக்கா ஊடு வாங்கறோம்?" என்றேன். ஆனாலும் வீடு பிடித்துவிட்டது; அட்வான்சும் கொடுத்துவிட்டோம்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, ஜன்னல் திரைக்கு அளவெடுக்கப் போனோம். தெரு முழுக்க விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. சுவரில் சாய்ந்த என் கணவருக்குப் பல்லே கிடுகிடுத்தது. தரகருக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை தறிக்கு லீவுங்கக்கா. உங்களுக்கும் அன்னைக்குத்தானுங்களே லீவு? நான் என்ன பண்றது?"

கம்பெனிக்குப் போகிற எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதான் வீடு பார்ப்போம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தரகரே, வருகிற புதன்கிழமை பதினோரு மணிக்கு அந்த வீட்டு வாசலுக்கு வாருங்கள். தெருவே கூடி நிற்கட்டும். இந்த வீட்டில் ஒரு மனிதன் பகலில் தூங்க முடியுமா? எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல், பதில் சொல்லுங்கள்.