பஸ் வரவில்லை என்று ஒரு காகிதம்

சேலத்தில் பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் பகல் பதினோரு மணிக்கு இண்டர்வியூ என்று எனக்குக் கடிதம் வந்திருந்தது. முந்தின நாளே அப்பா நாமக்கல் பஸ் ஏஜெண்டிடம் இரண்டு சீட்டு வாங்கி வைத்தார். காலை ஆறரை மணி வண்டி. எட்டாகியும் வரவில்லை.

ஏஜெண்ட் அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். “மொதலாளி சொந்தத்துல கண்ணாலமுங்க. வண்டி பரமத்திக்குப் போயிருச்சுங்க. காசைத் திருப்பி வாங்கிக்குங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மேலே படிப்பதில் அப்பாவுக்கு அவ்வளவு இஷ்டமில்லை. அம்மாவின் பிடிவாதத்துக்காகத்தான் கூட வந்தார். “வா சாமி, ஊட்டுக்குப் போலாம்” என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லவில்லை. சீட்டை விற்றுவிட்டு வண்டியைக் கல்யாணத்துக்கு அனுப்பியது அவருக்குப் பொறுக்கவில்லை.

“காசு குடுக்கறது இருக்கட்டுமுங்க. வண்டி வரலீன்னு எழுதிக் குடுங்க. புள்ள பள்ளிக்கூடத்துல காட்டோணும்.”

“அதுக்கெல்லாம் எனக்கு அதிகாரமில்லீங்க.”

“சீட்டு எழுத மட்டும் அதிகாரம் இருக்குதுங்களா?”

காத்திருந்தவர்களில் ராசிபுரத்து ஜவுளி வியாபாரி ஒருவர், “எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்” என்று முன்னால் வந்தார். ஏஜெண்ட் வேண்டாவெறுப்பாக ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார். அப்பா வாங்கிப் படித்துவிட்டு, “ஆறரை மணி வண்டின்னு போடுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். அதையும் எழுத வைத்து, காசையும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் வேறொரு முதலாளியின் பஸ் கிடைத்தது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. தலைமையாசிரியை கிளம்பிக்கொண்டிருந்தார். காகிதத்தை நின்றபடியே படித்தார்.

“பட்டியல் எழுதி முடித்தாயிற்றே, அம்மா.”

“புள்ள மேல தப்பில்லீங்க” என்றார் அப்பா.

தலைமையாசிரியை பையைக் கீழே வைத்தார். ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னார்; கரும்பலகையில் இரண்டு கணக்குப் போடச் சொன்னார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத மயக்கத்தில் இரண்டாவது கணக்கைத் தப்பாகப் போட்டேன். “யாராவது சேராவிட்டால் எழுதுகிறேன்” என்று சொல்லி அனுப்பினார்.

எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். மறு வருஷம் மறுபடி மனுப் போட்டேன். அப்பாவே இண்டர்வியூவுக்கு முந்தின நாள் கூட்டிப்போய்ச் சத்திரத்தில் தங்க வைத்தார். இடம் கிடைத்தது.

அந்த முதலாளியின் பஸ்ஸில் மட்டும் அப்பா பிறகு ஏறவேயில்லை. லீவுக்கு என்னை அழைக்க வரும்போதெல்லாம், அந்த வண்டி காலியாக வந்தாலும் விட்டுவிட்டு, வெயிலில் நின்று அடுத்ததில் வருவார்.