ராகு காலத்துக்கு முன் ஏற்றிய கேஸ்

என் பழைய டீசல் காரின் ஏசி கம்ப்ரசர், கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தைய வாரம் செத்தது. இயந்திரங்களுக்கு இந்த அளவு குரூரம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ரயில் பெட்டிகளின் குளிர்சாதனப் பிரிவில் தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான்.

அப்போது என் மனைவிக்குத் தொண்டையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பாதியைத் தாண்டியிருந்தது. கழுத்துத் தோல் கருகி உரியத் தொடங்கியிருந்தது. அங்கே வியர்வை தங்கக் கூடாது, புண் முற்றினால் சிகிச்சையை நிறுத்திவைக்க நேரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தாம்பரத்திலிருந்து நகரத்துக்குள் இருக்கும் அந்த மருத்துவமனைக்குத் தினமும் உச்சி வெயிலில் ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்து போக வேண்டும். கால் டாக்சியில் போய்ப் பார்த்தோம். ஓட்டுநர் ஏசி போடுவதை அன்னதானம்போல் கருதினார். பந்தி பல்லாவரத்தோடு முடிந்துவிட்டது.

இரும்புலியூரில் கார் ஏசி மட்டும் பார்க்கும் ஒரு கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், சிரித்த முகம். கம்ப்ரசரைக் கழற்றியதும் குழாயிலிருந்து சாம்பல் நிறத்தில் உலோகத்தூள் கொட்டியது. உள்ளே அரைபட்டுச் செத்திருந்தது. இப்படிச் செத்தால் புது கம்ப்ரசரை மாட்டுவதோடு வேலை முடியாது. குழாய்களைக் கழுவ வேண்டும். கண்டென்சரையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப்பைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டி, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். வண்டி எதற்கு வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"நீங்க கவலையே படாத சார். நம்ம கைல எத்தினி வண்டி போய்க்கீது" என்றார்.

வியாழக்கிழமை வேலை. அன்று கதிர்வீச்சு இயந்திரத்துக்குப் பராமரிப்பு நாள் என்பதால் சிகிச்சை இல்லை. அங்கேயாவது முறைப்படி பராமரிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்து கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மதியம் ஒரு மணிக்குப் பம்ப் ஓடத் தொடங்கிய பிறகுதான், அவளுடைய களிம்பை வாங்கத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. வெற்றிலையில் கற்பூரம் எரிந்து அணைந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

வேக்குவம் எவ்வளவு நேரம் போட்டீர்கள் என்று கேட்டேன். ஃபுல்லாகப் போட்டாயிற்று என்றார். உள்ளே கையை வைத்தேன். ஐஸ்போல் காற்று வந்தது. அந்தக் குளிரை நம்பி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சானடோரியம்வரை சுகமாகப் போனோம். குரோம்பேட்டை சிக்னலில் குளிர் போய் வெறும் காற்று வந்தது. ஏசியை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மறுபடி குளிர்ந்தது, மறுபடி போயிற்று. எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. குழாய்க்குள் ஈரம் தங்கியிருக்கிறது. அது குறுகலான வாயில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கிறது. அணைத்தால் உருகி வழிவிடுகிறது. பம்ப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் அவள் புடவைத் தலைப்பைக் கழுத்தில் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ் கழுத்தைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையும் இப்படி வந்தால் டாக்டர் மெஷினில் ஏற்ற மாட்டார் என்றாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். பழைய டீசல் வண்டி, இன்ஜின் சூடு என்று ஆரம்பித்தார் கடைக்காரர். டீசல் இன்ஜினுக்கும் உறைந்த ஈரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டேன். வெயில் ஜாஸ்தி என்றார். வெயில் குறைவாக இருந்தால் நான் ஏன் உன் கடைக்கு வருகிறேன் என்றேன். பம்ப்பை எப்போது நிறுத்தினாய் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். தெருவே பார்த்தது. எனக்குக் கவலையில்லை.

கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "சொல்ல வேணாம்னு இருந்தேன் சார். உங்க வூட்டு அம்மாதான் போன் பண்ணாங்கோ. ஒன்றரைக்கு ராகு காலம் வருது, அதுக்கு முன்னாடி கேஸ் ஏத்தி ஸ்டார்ட் பண்ணிடுப்பான்னாங்க."

கடையின் கார்டை, போன் நம்பர் தெரியும்படி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தவன் நான்தான்.

அம்மா சொன்னால் பம்ப்பை நிறுத்திவிடுவாயா என்று கத்தினேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வண்டின்னு நீங்கதான சொன்ன? எனக்கும் பயமா இருக்காதா சார்?"

வீடு வரும்வரை சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். அவள் மின்விசிறிக்கு அடியில் சாய்ந்திருந்தாள். பேசினால் வலிக்கும் தொண்டை. அதையும் மறந்து கேட்டேன். பம்ப்புக்கு ராகு தெரியுமா? கேது தெரியுமா? எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்ததே, ஏன் கெடுத்தாய்?

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கரகரத்த அந்தக் குரலில் அவ்வளவு கோபத்தை நான் கேட்டதில்லை.

"இந்த வீட்ல எதுங்க முறைப்படி நடக்கல? வேளைக்குச் சாப்பாடு. வருஷம் தவறாம செக்கப். வெத்தலகூட நான் போட்டதில்ல. அப்புறமும் வந்துச்சே, அதுக்கு என்ன ப்ரொசீஜர்? சொல்லுங்க."

நான் ஃபிரிட்ஜ் பக்கம் போய் நின்றேன். அதற்கு மேல் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அன்றைய தாளைத் தூக்கிச் சனிக்கிழமையைப் பார்த்தேன். ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை.

காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். கேஸை இறக்கி, டிரையரை மறுபடி மாற்றி, ஒன்பதுக்கு முன்னால் பம்ப்பைப் போடச் சொன்னேன்.

"சார், ராகு காலத்துலயா ஓடணும்?"

"முழு ராகு காலமும் ஓடட்டும். உள்ள இருக்குற கெட்டதை வெளிய இழுக்கத்தானே செய்யுது. கேஸ் பத்தரைக்கு மேல ஏத்து. எலுமிச்சம்பழம் நான் வாங்கிட்டு வந்திருக்கேன்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். நான் களிம்பு, பால், செய்தித்தாள் எதற்கும் எழுந்து போகவில்லை. பத்தரைக்குப் பம்ப்பை நிறுத்தி, மீட்டரின் முள் அசையாமல் நிற்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். நின்றது.

திங்கட்கிழமை சானடோரியம் தாண்டியதும் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தினோம். குரோம்பேட்டை சிக்னல் சிவப்பில் இருந்தது. வழக்கம்போல் வண்டிகள் நகரவில்லை. அவள் ஏசி காற்று வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்து, பல்லாவரமும் போனது. தலைப்பைப் பிடித்திருந்த விரல்களை எடுத்துவிட்டாள்.

"குளிருது, கொஞ்சம் குறைங்க" என்றாள்.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. குறைத்தேன்.