பைக்கில் வந்த மூன்றாமிடம்

பதினெட்டு வருஷமாக அவள் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் வாயைத் திறந்தால் இவள் விரல் ஓடும், அவர் வாயை மூடினால் நிற்கும். மனுஷர்கள் சொல்லும் பொய்யில் இத்தனை ரகம் உண்டா என்று முதல் இரண்டு வருஷம் வியந்தாள். அப்புறம் அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் உதட்டை ஒரு பக்கமாகச் சுழிப்பாள், அவ்வளவுதான்.

ஓட ஆரம்பித்தது நாற்பதாவது வயதில். உட்கார்ந்தே வேலை செய்து இடுப்பு பிடித்துக்கொண்டது. "நடங்க" என்றார் டாக்டர். நடந்து பார்த்தாள். நடக்கிற இடத்தில் ஆளை விடாமல் பேச்சுக் கொடுத்தார்கள். மருமகள் புராணம், சர்க்கரை அளவு, இன்னொருத்தி வீட்டு மருமகள் புராணம். அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் ஓடினாள். உடம்பு, மனசு, தன்னை உணர்வது என்று மற்றவர்கள் அளக்கிற காரணம் எதுவும் அவளுக்குக் கிடையாது.

"நாய் துரத்தினா ஓடலாம். யாரும் துரத்தாமலே ஓடுறவளை இப்பத்தான் பாக்கறேன்" என்பாள் நாத்தனார், வீட்டுக்கு வரும்போதெல்லாம்.

"நீங்க கிளம்பற வரைக்கும் தினமும் ஓடறதா இருக்கேன், அண்ணி" என்பாள் இவள்.

நாலரைக்கு எழுந்திருப்பாள். ஷூ நாறுகிறது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து அதைப் பால்கனிக்கு விரட்டியிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொள்வாள். இடது கால் கட்டைவிரல் நகம் கருத்துப்போய், விழுவதா வேண்டாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தது. குடியிருப்பைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பாலத்தில் ஏறி இறங்கி வந்தால் பத்து கிலோமீட்டர். வந்து குளித்து, மூன்று டப்பாவில் சாப்பாடு கட்டி, பஸ் பிடித்து, பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். நீளமாக ஓடின மறுநாள், விவாகரத்து வழக்கின் நடுவில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். மேஜைக்கு அடியில் பாதத்தை நீட்டி மடக்கிக்கொண்டே 'எனக்கு ஞாபகமில்லை' என்று அடித்துக்கொண்டிருப்பாள்.

ஓட்டக் குழுவில் சேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பாலத்தில் ஒருத்தன் இரண்டு நாள் தொடர்ந்து சைக்கிளில் பின்னாலேயே வந்தான். தனியாக ஓடினால் பயம், கூட்டத்தோடு ஓடினால் எரிச்சல். எரிச்சலே தேவலை என்று சேர்ந்தாள்.

குழுவின் தலைவர் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். 'கோச்' என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டவர். "காலால ஓடாதீங்க, மனசால ஓடுங்க" என்பார். மனசால் ஓடினால் மூட்டு தேயாது, அது வாஸ்தவம்தான் என்று இவள் நினைத்துக்கொள்வாள். ஒரு மணி நேரம் ஓட்டம், முக்கால் மணி நேரம் போட்டோ. எல்லோர் கையிலும் பேசுகிற கடிகாரம். அது ஒன்பது புள்ளி எட்டு கிலோமீட்டரில் நின்றுவிட்டால், பத்தைத் தொடும்வரைக்கும் வீட்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற ஆசாமிகள் அவர்கள்.

அந்தக் குழு இருபத்தோரு கிலோமீட்டர் போட்டி ஒன்று நடத்தியது. ஒரு மணி ஐம்பது நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்று நாலு மாதம் பாடுபட்டிருந்தாள். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால், குழு மொத்தமும் கூடியிருக்கும்போது கோச் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், அண்ணனுக்கு நீங்கதான் துணையா ஓடணும். வேகம் கூடாம குறையாம பக்கத்துலயே ஓடி, அவரை முடிக்க வைக்கணும்."

அண்ணன் என்றது மூன்று ஷோரூம் வைத்திருந்த டைல்ஸ்காரர். போட்டிச் செலவு அவருடையது. பதக்கம், பனியன், வாழைப்பழம் எல்லாவற்றிலும் அவர் கடைப் பேர் இருந்தது. வாழைப்பழத்தில் கூட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

"அவருக்கு ரெண்டரை மணி நேரம் ஆகுமே? நான் நாலு மாசமா இதுக்குத்தானே தயாராகிட்டு இருக்கேன்" என்றாள்.

"நம்ம குழு கவுரவம், மேடம். உங்களை மாதிரி நிதானமான ஆள் வேற யாரு இருக்கா?" என்று சொல்லி அவரே கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அவள் தலையாட்டிவிட்டாள். கை தட்டினால் தலையாட்டுகிற ஜென்மமா நான் என்று வீடு வருகிற வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

போட்டியன்று டைல்ஸ்காரர் தலை முதல் கால் வரை புதுசாக வந்தார். சூரியன் எழுந்திருக்கவில்லை, இவர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். முதல் கிலோமீட்டரில் முதல் ஷோரூமின் கதை. இரண்டாவதில் இரண்டாவது ஷோரூம். மூன்றாவது ஷோரூம் பாதி கட்டி முடிந்தபோது மூச்சு வாங்கிப் பேச்சு நின்றது. அதற்காகவாவது இவரை ஓடவிட்டது நியாயம் என்று அவளுக்குத் தோன்றியது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்கம்மா. எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு."

போட்டியை மேற்பார்வை பார்க்கிற பைக் ஒன்று வந்தது. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முன்னால் போனது. முதலுதவிக் கூடாரத்துக்குத்தான் என்று நினைத்தாள். மனுஷன் படுத்துவிட்டானே என்று ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அடுத்த நிமிஷம் கால் தானாக வேகம் பிடித்தது. மிச்ச ஒன்பது கிலோமீட்டரில் அறுபது பேரைத் தாண்டினாள். கடிகாரம் கட்டிக்கொண்டவர்களைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் நெருக்கமாகவே தாண்டினாள்.

முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மூன்றாமிடம், நமது அன்பு அண்ணன். டைல்ஸ்காரர் துள்ளி மேடை ஏறினார். கால் பிடித்துக்கொண்டதற்கு அடையாளமே இல்லை. கேடயத்தை வாங்கி முத்தமிட்டார்.

அவள் நேராக கோச்சிடம் போனாள்.

"அவர் பன்னெண்டுல பைக்ல ஏறினார். நான் பக்கத்துலயே நின்னேன்."

"பதினேழுல இறங்கி ஓடிட்டாரே, மேடம். முடிச்சாரா இல்லையா?"

"அஞ்சு கிலோமீட்டர் பைக் ஓடிச்சு. கேடயத்தை அதுக்குக் குடுங்க."

"இது என்ன கோர்ட்டா? ஒரு நல்ல நாள்ல…" கோச் சிரித்துக்கொண்டே வேறு யாரையோ கட்டிப்பிடிக்கப் போய்விட்டார்.

நாலாவதாக வந்தவர் யார் என்று விசாரித்துத் தேடிப் பிடித்தாள். ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர். ஐம்பத்தாறு வயது, குச்சி மாதிரி உடம்பு, பின்பக்கம் தேய்ந்த ஷூ. ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழத்திலிருந்த ஸ்டிக்கரைப் பொறுமையாக உரித்துக்கொண்டிருந்தார்.

"திரும்பற இடத்துல நான்தான் மூணாவதுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் என்னை யாரும் தாண்டலை. ஒரு பைக் மட்டும்தான் தாண்டிச்சு" என்றார்.

"அந்தப் பைக்தான் இப்ப கேடயம் வாங்கிட்டுப் போகுது."

விஷயத்தைக் கேட்டதும் அவர் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். "விடுங்கம்மா. ஓடினதே போதும். பெரிய மனுஷங்க."

டைல்ஸ்காரர் மேல் வந்ததைவிட இந்த ஆள் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. பறித்தவனாவது கொஞ்சம் உழைத்திருக்கிறான், பைக்கில் ஏறி இறங்கினான். பறிகொடுத்தவர் பழம் சாப்பிடுகிறார். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று மத்தியானமே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கப் புகார் அடித்தாள். தேதி, நேரம், கிலோமீட்டர் பலகை, பைக்கின் நிறம். 'நான் நேரில் கண்டது' என்று தொடங்கி, 'என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்று முடித்தாள். அந்த வாக்கியத்தை ஆயிரம் தடவையாவது மற்றவர்களுக்காக அடித்திருப்பாள், தனக்காக அடித்தது அதுதான் முதல் தடவை. போட்டிக் கமிட்டிக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில், குழுவிலிருந்து அவளை கோச் நீக்கிவிட்டதாக போன் சொன்னது. கமிட்டி வாயே திறக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கோர்ட் வாசலில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். அவள் புகார் அனுப்பினதையும் வேலை பார்க்கிற இடத்தையும் குழுவில் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். சட்டைப்பைக்குள் மடித்துவைத்த போட்டி எண் அட்டை.

"எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்கம்மா."

"பெரிய மனுஷங்கன்னு சொன்னீங்களே, அது என்ன ஆச்சு?"

அவர் நடந்ததைச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் ஏறின பிள்ளைகள் எத்தனாவது என்று கேட்டிருக்கிறார்கள். மூணாவதாத்தான் வந்தேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒரு பெண் குழந்தை செய்தித்தாளோடு ஏறினாள். அதில் மூன்றாமிடம் என்று வேறு முகம்.

"'டிரைவர் மாமா பொய் சொல்லிட்டாரு'ன்னு பஸ் முழுக்கப் பாட்டும்மா. ரெண்டு நாளா ஸ்கூல் போற வரைக்கும் அதே பாட்டு. பிரேக்கைப் போட்டு நிறுத்தி ஏதாவது சொல்லலாம்னு பாத்தேன். என்னத்தைச் சொல்றது?"

அவள் உதட்டைச் சுழிக்கவில்லை. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். சுற்றி வளைக்காமல் பேசுகிற சாட்சி கிடைத்து எத்தனை வருஷம் ஆயிற்று! அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதன் அடியில் அவளாகவே ஒரு வரி சேர்த்தாள். ஓட்டக்காரர்களின் எண் அட்டையில் இருக்கும் சிப், பதினைந்தாவது கிலோமீட்டரில் சாலையில் போட்டிருந்த விரிப்பைக் கடந்த நேரத்தின் பதிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும்.

அந்த வரிதான் வேலை செய்தது. விரிப்பை மிதித்தால்தான் அது நேரத்தைப் பதியும், பைக் ஓரமாகப் போய்விட்டது. டைல்ஸ்காரருக்குப் பதினைந்தில் பதிவே கிடையாது. வெளியே வந்தால் மானம் போகும் என்று கமிட்டிக்குப் புரிந்தது. அவர்கள் நேர்மைக்குத் திரும்பின அழகைச் சொல்ல வேண்டும். ஒரு அறிவிப்பு இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. இணையத்தில் இருந்த பட்டியலில் ஒரு வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் ஒரு பேர் மறைந்து, கீழே இருந்த பேர் ஒரு படி ஏறியது. டிரைவருக்குக் கூரியரில் ஒரு கேடயம் வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. டைல்ஸ்காரரின் கேடயம் ஷோரூம் கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் அப்படியே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

"திருட்டுக் கேடயத்துக்கு விளக்கு, நிஜக் கேடயத்துக்கு நசுங்கல்" என்றாள் அவள்.

டிரைவருக்கு அந்த வருத்தம் இல்லை. கேடயத்தை ஒரு வாரம் பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு அருகில் வைத்து ஓட்டினார். செய்தித்தாள் கொண்டுவந்த பெண் குழந்தைக்கு அதன் பக்கத்திலேயே உட்கார இடம் கொடுத்தாராம்.

பாலத்துக்கு அவளுக்குத் துணை வேண்டியிருந்தது. பஸ்ஸை எடுக்கும் முன் ஓட அவருக்கும் ஒரு மணி நேரம் இருந்தது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓடுகிறார்கள். அவர் வாய் ஓயாமல் பேசுகிறார், பஸ்ஸின் கிளட்சைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. பேச்சுக்குப் பயந்து ஓட ஆரம்பித்தவளுக்கு இப்படி ஒரு தலையெழுத்து. "மூச்சை மிச்சம் பிடிங்கண்ணே" என்று கடிந்துகொள்வாள். கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் செய்வாள்.

நாலு மாதம் கழித்து வேறு ஒரு ஊரில் நடந்த அதே தூரப் போட்டியில் அவள் தனக்காக ஓடினாள். ஒரு மணி ஐம்பத்தொரு நிமிஷம் நாற்பது விநாடி, குறி வைத்ததைவிட ஒரு நிமிஷம் நாற்பது விநாடி அதிகம். பழி போடுவதற்கு இந்தத் தடவை யாருமே இல்லை. நடைபாதையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். நகம் ஒருவழியாக விழுந்திருந்தது. பத்து நிமிஷம் கழித்து டிரைவர் வந்து சேர்ந்தார், மூச்சு வாங்க, பேசிக்கொண்டே.