விரால் அடிப்பான் கூடு

ரெய்யோ அத்தான் என் அக்காள் சிர்க்காவின் கணவர். வடதேசத்தில் குஹ்மோ என்ற ஊர்ப் பக்கத்துப் பனிக்காடுகளில் இருபத்தாறு வருடமாக மரம் வெட்டும் வண்டி ஓட்டுகிறார். அவர் வெட்டிய இடத்தில் கன்று நடுவது என் வேலை. வெட்டியும் நட்டும் காட்டைக் காப்பதுதான் எங்கள் பிழைப்பு.

தலை தட்டையான பழைய பைன் மரம் எதிர்ப்பட்டால், வண்டியை விட்டு இறங்கி அண்ணாந்து பார்க்க வேண்டும். கூடு இருந்தால் அந்த மரத்தையும் சுற்றியுள்ள மரங்களையும் தொடக்கூடாது. சில வருடங்களுக்கு முந்திய ஒரு ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பதைத் தொட்டிருந்தது. ஒரே ஒரு மரத்துக்கு அத்தான் இறங்கவில்லை. அது சாய்ந்ததும், பனியோடு இடுப்பளவு உயரமான குச்சிக் கூடு வந்து விழுந்தது. மீன் பிடித்துத் தின்னும் விரால் அடிப்பான் பருந்தின் கூடு; வருடாவருடம் ஜோடி அதற்கே திரும்பி வரும். ஆபீஸ் வரைபடத்தில் அது இல்லை. பறவைகள் தெற்கே போயிருந்த காலம்.

பின்னால் கட்டை ஏற்றும் வண்டியில் பெர்த்தி வந்தான்.

"குப்பையோட குப்பையா தள்ளி விடு. ராத்திரிக்குள்ள பனி மூடிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"ஆபீசுல சொல்லணும்டா."

"உங்க சாமிகிட்ட சொல்லிக்கோ, போதாதா?"

"அவருக்குத் தெரியும். ஓத்தி அம்மாவுக்குத்தான் தெரியாது."

விஷயத்தைக் கேட்ட காட்டு அதிகாரி ஓத்தி அம்மா அத்தானைத் திட்டவில்லை. "ஏப்ரல்ல ஜோடி வந்துடும். அதுக்குள்ள பக்கத்து மரத்துல தட்டு கட்டிப் பாக்கலாமா?" என்றார்.

மார்ச்சில் அருகிலிருந்த பைனின் உச்சியை அறுத்து, பலகையும் கம்பியும் வைத்துத் தட்டு கட்டினார்கள். பழைய கூட்டின் குச்சிகளையே மேலே அடுக்கினார் அத்தான். கயிறு இழுத்தது பெர்த்திதான். "பருந்துக்கு வீடு கட்ற கொத்தனாராயிட்டேன்" என்று முனகிக்கொண்டே இழுத்தான்.

ஏப்ரல் கடைசியில் ஜோடி வந்தது. ஆண் பறவை காலில் குச்சியோடு, மரம் நின்ற வெற்றிடத்தின் மேலேயே சுற்றியது. தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கத்தின. மூன்றாம் நாள் காணோம்.

"கர்த்தர் அதுகளுக்கு வேற மரம் காட்டுவாரு" என்றாள் அக்காள்.

அத்தான் ஓத்தி அம்மாவுக்குப் போன் போட்டார். "தங்கல, அம்மா. அதையும் எழுதிக்கோங்க."

தட்டைச் சுற்றியுள்ள மரங்களை அப்படியே விட்டு வைக்கச் சொன்னார் ஓத்தி அம்மா.

இப்போதெல்லாம் தலை தட்டையோ இல்லையோ, கிழப் பைன் எதைக் கண்டாலும் அத்தான் இறங்கிவிடுகிறார். மரத்தைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்க்கிறார். "ஒவ்வொண்ணா கும்பிட்டுட்டு வா, நான் காபி குடிக்கறேன்" என்பான் பெர்த்தி. ஆனால் அவசரப்படுத்துவதில்லை.

தட்டு கட்டி இது ஏழாவது வருடம்; இதுவரை ஒரு ஜோடியும் அதில் தங்கவில்லை. இந்த மார்ச்சிலும் அத்தான் ஏறினார், கயிற்றை நான் பிடித்தேன். தட்டில் பனி மட்டும்தான் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, இற்றுப்போன குச்சிகளை எடுத்துப் போட்டு, புதியவற்றை வைத்துக் கட்டினார்.