குளிரில் கெட்ட மருந்து

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் தொண்டை அடைப்பான் கிருமியோடு முப்பது வருடமாக மாரடிக்கிறேன். கிருமி வளர்க்கும் தட்டில் வளர்ந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆறு வயதுப் பெண்குழந்தையின் தொண்டையில் எடுத்த சளியிலும் அதுதான் வளர்ந்தது. வார்டுக்குப் போனேன். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. முறிமருந்து இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்தில் நின்ற தாயிடம், டியூட்டி டாக்டர் முதல் ஆயா வரை அதட்டிக் கேட்டுவிட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன். ஏன் தடுப்பூசி போடாமல் விட்டாய்?

அவர் கீரனூரில் பஸ் ஏறி, தினமும் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவர். கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த தடுப்பூசி அட்டையை நீட்டினார். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஊசி எல்லாம் போட்டிருந்தும் இந்த நோய் வந்திருக்கிறது என்றால் மருந்தைத்தான் பார்க்க வேண்டும். மறுநாளே அவர்கள் ஊர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே பல வருடமாக ஊசி போடுகிற நர்சம்மாவிடம், மருந்தை ஊர்களுக்கு எப்படி எடுத்துப் போவீர்கள் என்று கேட்டேன். ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்த கையோடு பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் மருந்துப் புட்டிகளை இறுக்கி வைத்துக் காட்டினார்.

"நம்ம ஊரு வெயிலுக்கு இப்புடி வச்சாத்தாங்க மேடம் மருந்து தாங்கும்" என்றார். அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

வெயிலில் மருந்து கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மருந்து உறைந்தாலும் கெட்டுப்போகும். ஐஸ் பேக்கை முதலில் வெளியே வைக்க வேண்டும். அது வேர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரை காத்திருக்க வேண்டும். இதை ஒரே ஒருமுறை யாராவது செய்து காட்டியிருந்தால் போதும். பயிற்சி என்று கூப்பிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கையில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பெட்டியில் ஊர் சுற்றித் திரும்பிய ஒரு புட்டியையும், நானே வேண்டுமென்று உறையவைத்து இளக்கிய ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி மேசைமேல் வைத்தேன். நல்ல மருந்தாக இருந்தால் வெகுநேரம் பால்போலக் கலங்கியே நிற்கும். அரை மணிக்குள் இரண்டிலும் ஒன்றுபோல அடியில் வண்டல் தங்கி, மேலே தெளிந்துவிட்டது.

"அப்ப நான் இத்தனை நாளா போட்டதெல்லாம்?" என்று கேட்டார் நர்சம்மா.

அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் எல்லோருக்கும் மறுபடி போட்டாக வேண்டும், அடுத்த பிள்ளைக்கு மூச்சு முட்டுவதற்குள். மாவட்டச் சுகாதாரக் கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். அதிகாரி அந்தப் பிள்ளையின் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தவணை பதினோரு நாள் தள்ளிப் போயிருந்தது. 'உரிய காலத்தில் தடுப்பூசி போடப்படவில்லை' என்று எழுதி முடிக்கச் சொன்னார். தாயின் அலட்சியம் என்று ஆகிவிடும், ஊரில் பீதி கிளம்பாது, மேலிடத்திலிருந்து கேள்வி வராது. பதினோரு நாள் தாமதத்தால் ஆறு வயதில் இந்த நோய் வராது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் குரலை உயர்த்தினேன். கிருமி வளர்க்கிற வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து நர்சம்மா எழுந்தார்.

"அந்தப் பதினோரு நாளும் நான் லீவுங்க சார். அந்தம்மா ரெண்டு வாட்டி வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. ஐஸ அப்புடி வச்சதும் நான்தான். எம் பேர்லயே எழுதிக்கங்க. பிள்ளைகளுக்கு மட்டும் மறுபடி போட்டுருங்க."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதற்கு ஒரு நொடிகூட யாரும் தயங்கவில்லை. நர்சம்மாவுக்கு மெமோவும், மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றலும் கிடைத்தன. பிள்ளைகளுக்குப் புது மருந்தோடு முகாம் நடந்தது. நர்சம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் முகாமின் முன்வரிசை நாற்காலிகளில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முறிமருந்தால் பிழைத்த மகளையும் அவள் தம்பியையும் பிடித்துக்கொண்டு அந்தத் தாயும் ஊசிக்கு வரிசையில் நின்றார். நடந்ததை நாமாவது சொல்லிவிடுவோம் என்று பக்கத்தில் போய், ஐஸ் பேக்கில் ஆரம்பித்துத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"தெரியுங்க மேடம். மாத்தலாகிப் போறதுக்கு முன்னாடி நர்சம்மா வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டு, அழுதுட்டுப் போனாங்க. ஒங்க ஆளுங்க வேற யாரும் எங்க வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை."