ராயபுரத்தில் ஏது மலை? மேம்பாலத்தில் பழகி நீலகிரியில் ஒரு டிரையத்லான்

இந்தப் பிப்ரவரியில் நானும் என் கணவர் இன்னாசியும் ஊட்டிக்கு மேற்கே, ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓர் ஏரிக்கரையில் நடந்த சிறிய டிரையத்லானில் கலந்துகொண்டோம். டிரையத்லான் என்றால் முதலில் நீச்சல், உடம்பு காய்வதற்குள் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். நாங்கள் போனது குறுந்தூரப் போட்டி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 'குறுந்தூரம்' என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கு அலுவலகத்தில் வேலை. முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதால், மூன்று வருடத்துக்கு முன்பு பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீச்சல் கற்றேன். இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நடை பழகிய கையோடு கடலில் குதித்தவர் என்பது அவர் தரப்பு வரலாறு. நான் போட்டிக்குப் பெயர் கொடுத்ததைச் சொன்னபோது சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீயாமே? ஏரிலயா? நாலு அடி தண்ணில கம்பிய புடிச்சுகினு நிக்கிறவ நீ."

"தைரியம் இருந்தா நீங்களும் வாங்க."

"கடல்ல நீஞ்சினவனுக்கு ஏரி இன்னா ஏரி. பக்கெட்டு தண்ணி."

அன்றே அவரும் பெயர் கொடுத்தார். ஆளுக்கு 3,500 ரூபாய். தோற்றவர் ஒரு வருடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மீனை வெட்டிக் கழுவ வேண்டும் என்று பந்தயம். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் இரண்டு கிலோவுக்குக் குறையாது, அதிலும் பாதி நெத்திலி. ஆகவே இதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து பயிற்சி. எங்கள் ராயபுரம் வட்டாரத்தில் உயரமான இடம் என்றால் மேம்பாலம்தான். மணலிக்குப் போகும் வழியில் ரயில் பாதைக்கு மேலே ஏறும் பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குவது, திரும்பி ஏறுவது. பாலத்தின் மேல் எப்போதும்போல் டிரெய்லர்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். என்னை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர் பொறுக்க முடியாமல் தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா, எதனா தொலைச்சிட்டியா? காலைலேர்ந்து இங்கியே சுத்திகினு கீறியே. சொல்லு, நானும் எறங்கித் தேடறேன்."

மலையேறப் பழகுகிறேன் என்றேன். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஏரியில் நீந்திப் பழக, புழல் ஏரிக்குப் போகலாமா என்று இன்னாசி கேட்டார். அது குடிதண்ணீர் ஏரி. இறங்கினால் அதே புழலில் சுவர் உயரமாக இருக்கும் வேறோர் இடத்தில் தங்கவைப்பார்கள் என்று சொல்லித் தடுத்தேன். கடைசிவரை அவர் கடலிலேயே பழகினார். இது பிறகு முக்கியமாகப் போகிறது.

சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரவு ரயில் இருக்கிறது. சைக்கிள்களை லக்கேஜ் வேனில் ஏற்றிவிட்டோம். காலை ஆறரைக்கு இறங்கி, மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பிக்கப் வண்டி பிடித்தோம். ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து ஏரிக்கு இன்னும் இருபது. ஓட்டுநர் குமார் உள்ளூர்க்காரர். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை பொறுமையாக இருந்தவர் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, இந்த மேட்டுலயா சைக்கிள் ஓட்டப் போறீங்க?"

"ஆமா நைனா."

"பஸ்ஸு இருக்குதுங்களே."

சோதனைச் சாவடியில் எங்கள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மலையில் அவற்றுக்குத் தடை. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை எல்லாம் அளந்து கலந்து பத்திரமாகக் கொண்டுவந்த தண்ணீர். வீணாக்க மனமில்லாமல் இன்னாசி அங்கேயே நின்று மூன்று பாட்டிலையும் குடித்தார். அதன்பின் ஊட்டி போய்ச் சேரும்வரை குமார் எத்தனை இடத்தில் வண்டியை நிறுத்தினார் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

ஏரிக்கு அருகில் ஒரு விடுதியில் அறை, நாளொன்றுக்கு 1,800 ரூபாய். அறை இரண்டாவது மாடியில். தினமும் கிரேனின் இரும்பு ஏணியை ஒரே மூச்சில் ஏறுகிற மனிதர் முதல் மாடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். உயரத்தில் காற்று மெல்லியதாக இருக்கும் என்று படித்திருந்தோம். படித்தது மூளைக்குத்தான் போயிருந்தது, நுரையீரலுக்கு யாரும் சொல்லவில்லை.

"இன்னாமே இது, மூச்சு உள்ள போவுது, ஆனா போய்ச் சேரல" என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போட்டி. ஏறக்குறைய அறுபது பேர். ஏரித் தண்ணீர் பதினான்கு டிகிரி என்று மைக்கில் அறிவித்ததும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. நான் குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடையைச் சென்னையிலேயே வாடகைக்கு எடுத்திருந்தேன். இன்னாசிக்கும் எடுக்கலாம் என்றபோது, "மீனு இன்னா சட்ட போட்டுகினா நீஞ்சுது?" என்று கேட்டுவிட்டார். அங்கே அரைக்கால் சட்டையோடு நின்றவர் அவர் ஒருவர்தான். அமைப்பாளர்களில் ஒரு பெண் வந்து, உடை இல்லாமல் போகலாம், ஆனால் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்த முகத்தோடு இன்னாசி இறங்கினார்.

ஊதல் சத்தம் கேட்டதும் எல்லாரும் பாய்ந்தோம். முதல் ஐம்பது மீட்டரில் என் முகம் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மெல்ல மூச்சு ஒழுங்குக்கு வந்தது. முதல் மிதவையை நெருங்கும்போது, ஆரஞ்சு நிறத்தில் இருந்த அந்தப் பெரிய பலூனை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் தொங்குவதைப் பார்த்தேன். என் கணவர்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணியும் இல்ல. நீ போ. வியூ நல்லா கீது, பாத்துகினு கீறேன்."

வேறு நாளாக இருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பேன். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நான்கு மூச்சு தேவைப்பட்டது. உதடு நீலமாக இருந்தது. இருபது வருடத்தில் அவர் கண்ணில் நான் பார்த்திராத ஒன்று இருந்தது. இவர் தண்ணீரைக் கண்டு பயந்துபோயிருக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

காப்புப் படகில் இருந்த பெண் அருகில் வந்தார். படகைப் பிடித்துக்கொள்ளலாம், ஏறினால் போட்டி முடிந்தது என்றார். "ஏறிடுங்க" என்றேன் நானும். இன்னாசி மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"கடலு தூக்கிக் குடுக்கும்மே. இது காலப் புடிச்சு கீழ இஸ்க்குது. மூச்சு உள்ளயே போவ மாட்டேங்குது."

நீச்சல் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு நான் முதல் நாள் கற்ற பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. "உள்ள இழுக்காதீங்க. வெளிய ஊதுங்க. தண்ணில குமிழி முட்ட விடுங்க" என்றேன். "சின்னப் பசங்க மாதிரியா?" என்றார். "யோவ், ஊதுய்யா!" என்று கத்தினேன். (வெளியாட்கள் எதிரில் நான் அவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவது வழக்கம்.) அவர் ஊதினார். நானும் ஊதினேன். நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர் நடு ஏரியில் முகத்தைத் தண்ணீரில் வைத்து முட்டை விட்டுக்கொண்டிருக்க, படகுப் பெண் மிகுந்த கவனத்தோடு வேறு பக்கம் பார்த்தார்.

மற்ற எல்லாரும் கரையேறிக்கொண்டிருந்தார்கள். நீச்சலுக்குத் தனியாக முப்பத்தைந்து நிமிடக் கெடு. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்துக்கு நிறம் வந்தது, மிதவையிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றொரு கை. இரண்டு பேரும் அருகருகே, தலையைத் தூக்கிக்கொண்டு நாய் நீச்சலுக்குச் சற்று மேலான ஏதோ ஒன்றில் கரையை அடைந்தபோது கெடுவுக்கு ஒன்றரை நிமிடம் மிச்சமிருந்தது.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் இரண்டே சைக்கிள்கள் நின்றன. விரல் மரத்துப்போய் என்னால் ஹெல்மெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. உதவி கேட்கத் திரும்பினால், உயிர் காத்த மனைவியை அங்கேயே விட்டுவிட்டு இன்னாசி சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்! திரும்பிப் பார்த்து மணி வேறு அடித்தார்.

பாதை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு சுற்று. ஏற்றங்களைப் பற்றி ஒரே தகவல் சொல்கிறேன்: எங்கள் மேம்பாலம் முடியும் தூரத்தில் இங்கே முதல் வளைவுகூட வரவில்லை. மூன்றாவது ஏற்றத்தில் நான் நடையைவிட மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, கூடையோடு என் பக்கத்திலேயே நடந்துவந்தார்.

"எறங்கித் தள்ளிட்டுப் போம்மா" என்றார் ரகசியமாக. "இங்க யாரும் பாக்கல. முன்னாடி போன ஆளும் தள்ளிட்டுத்தான் போனாரு."

"அரைக்கால் சட்டை போட்டவரா?"

"ஆமா. என்னப் பாத்ததும் ஏறிக்கிட்டாரு."

நானும் இறங்கித் தள்ளினேன். இறக்கத்தில் நிலைமை மாறியது. நூறடி உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு உயரம் பயமில்லை, ஆனால் அந்த உயரம் சாய்ந்திருந்தால் பயம் போலிருக்கிறது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு போனவரைக் கடந்து சென்றேன். மணி அடித்தேன். ஏற்றத்தில் அவர் முந்துவார், இறக்கத்தில் நான். இப்படியே இருபது கிலோமீட்டர்.

ஓட்டம் தொடங்கியபோது எங்களுக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்து சேர்ந்தது. கடைசி ஆள் போனதும் பாதை ஓரத்தில் வைத்த கூம்புகளை எடுத்து உள்ளே போடுவது அதன் வேலை. நான் ஒரு வளைவைத் தாண்டியதும் அந்த வளைவில் போட்டி நடந்த அடையாளமே இருக்காது. இதைவிட நல்ல ஊக்கம் வேறில்லை. நூறடி ஓட்டம், நூறடி நடை. தைல மரங்களுக்கு நடுவே ஐம்பது மீட்டர் முன்னால் இன்னாசியின் முதுகு, இடுப்பில் கை வைத்தபடி.

கடைசி ஏற்றத்தில் முடிவுக் கோட்டின் அலங்கார வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. கெடுவுக்கு ஐந்து நிமிடம். இன்னாசி என்னைத் திரும்பிப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"ஷூவுல கல்லு பூந்துக்குச்சு. நீ போய்கினே இரு. இதோ வந்துடறேன்."

பேச மூச்சில்லாததால் நின்று விவாதிக்கவில்லை. கடந்து போய்க் கோட்டைத் தாண்டினேன். பதக்கத்தை மாட்டினார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள். கெடு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் மேட்டில் தெரிந்தார். உடை இல்லாமல் ஏரியில் இறங்கிய ஆள் என்று அதற்குள் எல்லாருக்கும் செய்தி பரவியிருந்தது. முதல் பரிசு வாங்கியவருக்குக்கூட அப்படிக் கைதட்டல் இல்லை. தோளில் தூக்கப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்த என்னை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, "கல்லு எங்க? காட்டுங்க" என்றேன்.

"இன்னாமே பேசற. கல்ல பத்திரமா பையிலயா வெச்சுகினு வருவாங்க?" என்றவர், வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்: "நெத்திலி மட்டும் வேணாம்மே. வஞ்சரம், வவ்வாலு எதுன்னாலும் ஆய்ஞ்சு தரேன்."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். உயரம் பழக இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள், எங்களைப்போல் முந்தின நாள் போகாதீர்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். குளிர் தாங்கும் நீச்சல் உடை வாடகை 900 ரூபாய், இன்னாசியிடம் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வார். கடலில் எவ்வளவு நீந்தியிருந்தாலும் குளிர்ந்த நன்னீரில் ஒருமுறையாவது முன்கூட்டியே இறங்கிப் பாருங்கள். துணைக்கு ஆள் இருக்கும்போது மட்டும். மூச்சு அடைத்தால் வெட்கப்படாமல் படகைப் பிடியுங்கள். போட்டிக் கட்டணம் சேர்த்து இரண்டு பேருக்கும் இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செலவானது.

ஊர் திரும்பிய காலை சென்ட்ரலிலிருந்து ஆட்டோ பிடித்தோம். சைக்கிள்களை மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டோம். ராயபுரத்தை நெருங்கும்போது வழக்கம்போல் டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். டீசல் புகை, கருவாடு, சாக்கடை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை வந்தது. இன்னாசி கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தார். நானும் இழுத்தேன். தடையில்லாமல் அடிவயிறு வரை போனது. இரண்டு பேரும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தோம்.

மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்த ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், இந்தக் கலீஜ் காத்தப் போயி இப்டி இஸ்துகினு கீறீங்கோ? ஊருக்குப் புச்சா?"