இடது ஓரத்துத் தேதிகள்

மலைமேல் இருக்கும் எங்கள் திருப்புலி நாட்டில் சாமை, ராகி விளைவிக்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் குழுவில், விளைச்சல் விவரங்களைக் கம்ப்யூட்டர் ஷீட்டில் ஏற்றுவது என் வேலை. எந்த ஊரில் எத்தனை மூட்டை என்றால் தூண் படம், யார் பங்கு எவ்வளவு என்றால் வட்டம், நாளுக்கு நாள் மாறுவதற்குக் கோடு. ஒரு நாள் பயிற்சியில் கற்றது இவ்வளவுதான். அதற்கே தலைகால் புரியாமல் ஆடினேன்.

என் கணவருக்கு வயிற்றுவலி வந்தபோது, நாமக்கல்லில் டாக்டர் மாத்திரை கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வாரா வாரம் எடை பார்க்க வேண்டும். "எடை இறங்கிக்கிட்டே போச்சுன்னா காத்திருக்காதீங்கம்மா, உடனே கூட்டிட்டு வந்துருங்க." அதை என்னிடம்தான் சொன்னார்.

மிளகு மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார் இவர். "இந்த மூட்டை என்ன வெலைங்க?" என்று அங்கே கேலி செய்வார்களாம். தேதியும் எடையும் எழுதிய சீட்டைக் கொண்டுவந்து தருவார். நான் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கேட்டார். "ஏம்புள்ள, ஒருக்கா கீழ போயிட்டு வந்துரலாமா? வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது."

சீட்டுகளைக் கொட்டி, கைக்கு வந்தபடி ஷீட்டில் அடித்தேன். வழக்கம்போலத் தேதிக்கு நடுவே புள்ளி வைத்தேன். வரிசைப்படுத்தினேன், கோடு போட்டேன். கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"பாத்தீங்களா? ஏறி எறங்கிட்டுத்தான் இருக்குது. மிளகு பறிக்கற நேரத்துல எதுக்குங்க வெட்டியா பஸ் ஏறோணும்?"

கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். "நீ பாத்தாச் செரியா இருக்கும்" என்று ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு எடை பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

ஜூனில் போனபோது டாக்டரின் உதவிக்கு இருந்த பெண் என் போனில் ஷீட்டைத் திறந்து பார்த்தாள். "அக்கா, தேதியெல்லாம் கட்டத்துல இடது ஓரமா ஒட்டிட்டு நிக்குது பாருங்க. நடுவுல புள்ளி வெச்சதுனால இத வெறும் எழுத்தாத்தான் எடுத்திருக்குது. தேதின்னா வலது பக்கம் நிக்குமுங்க."

ஏப்ரல் இரண்டு, அடுத்து மார்ச் ஐந்து, அடுத்து ஏப்ரல் ஒன்பது என்று முதலில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து அடுக்கியிருந்தது. இரண்டு மாதமும் கலந்து கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. படம் வந்த பெருமையில் இருந்தேன். அந்தப் பெண் அவற்றைத் தேதியாக மாற்றி மறுபடி வரிசைப்படுத்தினாள். கோடு ஒரே சரிவாக இறங்கியது. ஓரிடத்தில்கூட ஏறவில்லை.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஏப்ரல்லயே வந்திருக்கலாமே?"

நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"இவ கூப்பிட்டுட்டுத்தானுங்க இருந்தா" என்றார் என் கணவர். "நாந்தானுங்க மிளகு கெடக்குதுன்னு வரமாட்டேன்னுட்டேன்."

டாக்டர் அவரைத் திட்டினார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

ஆடி பிறக்கும் முன்பே போய்விட்டார். டாக்டரிடம் சொன்னதையே ஊரிலும் சொல்லி வைத்திருந்தார். சாவுக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "பிடிவாதக்காரன், சாமி. உம் பேச்சக் கேட்டிருந்தாப் பொழச்சிருப்பான்."

அவர் என் பேச்சைக் கேட்டார்.